ஐம்பதைத் தாண்டியவருக்கு எது: நீண்ட நடையா, இடைவெளிப் பயிற்சியா?

மூன்றாவது மாடி ஏறிப் பூட்டில் சாவியை நுழைத்தபோது, பக்கத்தில் நின்றவரிடம் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க என்னால் முடியவில்லை. அப்போது எனக்கு வயது 52. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தினமும் ஒரு மணி நேரம் நடந்து வந்தவன். அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாட்களை இடைவெளிப் பயிற்சிக்கு, அதாவது சில நிமிடம் வேகம், சில நிமிடம் மெதுநடை என மாறி மாறிச் செய்வதற்கு, ஒதுக்கினேன். மூன்று ஆண்டுகள் ஆகின்றன. என் ஓட்டு அதற்குத்தான்.

நடையின் நன்மைகளை விளக்கத் தேவையில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம் எல்லாவற்றுக்கும் நல்லது, காயம் அபூர்வம். மற்ற நாட்களில் இன்றும் நடக்கிறேன்.

ஆனால் வயது கைவைப்பது உச்சத் திறனில். முழு வேகத்தில் உழைக்கும்போது உடல் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதே அந்தத் திறன். நோய் நொடி இல்லாதவர்களுக்கும் அது குறைகிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நெடுங்கால முதுமை ஆய்வில், 20, 30 வயதுகளில் பத்தாண்டுக்கு 3 முதல் 6 சதவீதமாக இருந்த சரிவு, எழுபதுக்கு மேல் 20 சதவீதத்தைத் தாண்டியது.

முக்கியக் காரணம், இதயத்தின் உச்சத் துடிப்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 0.7 துடிப்பு இறங்குவது. சராசரியாக 30 வயதில் நிமிடத்துக்கு 187. 60 வயதில் 166. எந்தப் பயிற்சியும் இதை நிறுத்துவதில்லை. துடிப்புகள் குறையும்போது, ஒவ்வொரு துடிப்பும் கூடுதல் ரத்தத்தைத் தள்ளியாக வேண்டும். அதற்கு இதயம் நன்றாக நிரம்பி விரியப் பழக வேண்டும். பழகிப்போன நடை என் இதயத்தை அந்த எல்லைப் பக்கமே கொண்டுபோகவில்லை. எனக்கு முடிவைத் தீர்மானித்தது இது ஒன்றுதான்.

பத்து நிமிடம் உடலைச் சூடேற்றியபின், உச்சத் துடிப்பில் 85 முதல் 95 சதவீதம் வரை எட்டும்படி நான்கு நிமிடம் ஏற்றத்தில் விரைகிறேன். பிறகு மூன்று நிமிடம் மெதுநடை. இப்படி நான்கு சுற்று. மூன்றாம் சுற்றின் கடைசி நிமிடத்தில் நான்கு சொல் சேர்த்துப் பேச வராது. உடனே மணிக்கட்டில் விரல் வைத்தால் 15 விநாடிக்கு 38 துடிப்பு. இப்போது மூன்று மாடியும் பேசிக்கொண்டே ஏறுகிறேன்.

எதிர்த்தரப்புக்கும் வலுவான சான்று உண்டு. 1966இல் டாலஸில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையில் வைத்துச் சோதித்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அவர்களையே அளந்தபோது, அந்த மூன்று வாரம் செய்த சேதத்தைவிட முப்பது ஆண்டு முதுமை செய்தது குறைவாக இருந்தது. ஆறு மாதப் பயிற்சியில் இழந்ததை மீட்டார்கள். அது படிப்படியாகக் கூட்டிய நடை, மெது ஓட்டம், சைக்கிள் மட்டுமே. அசையாமல் இருந்தவருக்கு முதல் ஆறு மாதம் நடையே போதும் என்பேன். மார்பு வலி, தலைசுற்றல் இருந்தால் மருத்துவரிடம் காட்டாமல் விரைவுச் சுற்றில் இறங்கவே கூடாது.

ஆயுள் நீளும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. நார்வேயின் ட்ரோண்ட்ஹைமில் எழுபது வயது கடந்தோரை ஐந்து ஆண்டுகள் கவனித்த ஆய்வில், இடைவெளிக் குழுவில் இறப்பு சற்றுக் குறைவாக இருந்தாலும் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. எழுபதில் இந்தப் பயிற்சி எப்படி இருக்கும் என்பதும் என் அனுபவத்துக்கு அப்பாற்பட்டது.

முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் இதே நான்கு சுற்றை நிலைச் சைக்கிளில் செய்யலாம். மழை நாட்களில் நானும் அதில்தான் செய்கிறேன்.