கல்லூரி அரங்கில் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' திரையிடல்

மஜித் மஜிதி இயக்கத்தில் 1997இல் வெளிவந்த 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' என்னும் ஈரானியப் படத்தை, எங்கள் கல்லூரித் திரைப்பட மன்றத்தினர் சென்ற வாரம் கருத்தரங்கக் கூடத்தில் கட்டணமின்றித் திரையிட்டனர். சன்னல்களைக் கறுப்புத் துணியால் மறைத்திருந்ததும், அறிமுக உரை எதுவுமின்றிக் குறித்த நேரத்தில் தொடங்கியதும் பாராட்டுக்குரியவை.

திரையைத் தாழ்வாகக் கட்டியிருந்ததுதான் பெருங்குறை. முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை மறைத்துவிட்டன. தங்கை ஸஹ்ராவின் காலணியைத் தொலைத்துவிட்ட அலி, அதே அறையில் அப்பா இருப்பதால் வாய்திறக்க அஞ்சி, வீட்டுப்பாடம் எழுதுவதுபோல் நோட்டில் எழுதிக்காட்டி அவளிடம் கெஞ்சும் காட்சியில், அந்த எழுத்துகளே உரையாடல். பின்வரிசையில் இருந்த எங்களுக்கு அது கிட்டவில்லை.

ஒலியமைப்பு அந்தக் குறையைப் பெரிதும் ஈடுசெய்தது. காலைப் பள்ளி முடிந்து அண்ணனின் காலணியில் ஸஹ்ரா ஓடிவர, சந்தில் காத்திருக்கும் அலி அதே காலணியை மாட்டிக்கொண்டு பிற்பகல் பள்ளிக்கு விரையும் காலடியோசை, தெஹ்ரானின் குறுகிய சந்துச் சுவர்களில் மோதித் திரும்புவதைக் கூடத்தில் தெளிவாகக் கேட்க முடிந்தது.

படத்துக்குப் பின் நடந்த கலந்துரையாடலில் பலர் வறுமையின் கொடுமையைப் பற்றியே பேசினார்கள். எனக்கோ, அப்பா பள்ளிவாசலுக்காகச் சர்க்கரைக் கட்டிகளை உடைத்துக்கொண்டிருக்கும் காட்சியே படத்தின் உயிர்நிலையாகத் தோன்றியது. முன்னால் அவ்வளவு சர்க்கரை குவிந்திருந்தும், அது பள்ளிவாசலுக்கு உரியது என்பதால், தம் தேநீருக்கு அதிலிருந்து ஒரு துண்டைக்கூட அவர் எடுக்க மறுக்கிறார். தொலைந்துபோன காலணியை அணிந்திருக்கும் சிறுமியின் தந்தை பார்வையற்றவர் என்று கண்டதும், ஸஹ்ராவும் அலியும் ஒரு சொல்லும் கேட்காமல் திரும்பிவிடுவதற்கான வேர் அந்த வீட்டில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

அலியின் புண்பட்ட பாதங்களைத் தொட்டிநீரில் மீன்கள் சூழும் இறுதிக் காட்சி முடியுமுன்னே யாரோ விளக்கைப் போட்டுவிட்டது வருத்தமளித்தது. ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசான காலணிக்காக ஓடி முதலிடம் பெற்றுவிட்ட அலியால், தங்கைக்குக் காலணியே கிடைக்காமல் போயிற்றா என்று ஒரு மாணவி கலங்கிய குரலில் கேட்டார். மன்றத்தினர் பதில் சொல்வதற்குப் பதிலாக, அப்பாவின் மிதிவண்டியில் புதிய காலணிகள் வந்துகொண்டிருக்கும் அந்தச் சில நொடிக் காட்சியை மீண்டும் ஓட்டிக் காட்டினார்கள். அடுத்த திரையிடலுக்குத் திரையை இரண்டடி உயர்த்திக் கட்டுமாறு அவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.