செல்வமகள் சேமிப்புக் கணக்கு: பணம் கட்டியவள், எடுத்தும் பார்த்தவள் எழுதுகிறேன்

அஞ்சலகத்தில் பெண் பிள்ளைகளுக்கான செல்வமகள் கணக்கு தொடங்குவது பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். பிள்ளை காலேஜ் சேரும்போது அந்தப் பணத்தை எடுக்கப் போனால் என்ன நடக்கும் என்று எழுதியவர்கள் குறைவு. நான் 2015 ஏப்ரலில் ஆரம்பித்தேன். திட்டம் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மகளுக்கு ஒன்பது வயது ஆகப் போகிறது, பத்து முடிந்துவிட்டால் தொடங்கவே முடியாது என்று பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னதால் அடுத்த வாரமே போய்ச் சேர்ந்தேன். நகைக்கடைச் சீட்டுக்குக் கட்டிக்கொண்டிருந்த 2,000 ரூபாயை அப்படியே இதற்குத் திருப்பினேன். பிளவுஸ் தைத்து வரும் காசு அது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மாதம் 2,000 வீதம் ஒன்பது வருடம், மொத்தம் 2 லட்சத்து 16 ஆயிரம் கட்டினேன். 2024 மார்ச் முடிவில் பாஸ்புக்கில் ஏறக்குறைய 3 லட்சத்து 12 ஆயிரம் இருந்தது. ஆரம்பித்த வருடம் வட்டி 9.2 சதவீதம், அதைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டோம், ஆனால் வட்டி அப்படியே நிற்காது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு மாற்றலாம். 2020 ஏப்ரலில் 7.6-க்கு இறங்கி மூன்று வருடம் அங்கேயே கிடந்தது, பிறகுதான் 8, 2024 ஜனவரியில் 8.2. அப்படியும் வட்டிக்கு வரி கிடையாது, பணம் எங்கேயும் ஓடிப்போகாது. சீட்டுப் பணம் போய் அழுதவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன், அதனால் அந்த நிம்மதி எனக்குப் பெரிது.

ஒரு விஷயம் தாமதமாகத்தான் தெரிந்தது. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாத வட்டி சேரும். நான் முதல் வருடம் கையில் காசு வரும்போது, 10, 12 தேதியில் எல்லாம் கட்டியிருக்கிறேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அப்புறம், கையில் இல்லாத வருடம் பயப்பட வேண்டாம், வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும் (நாங்கள் தொடங்கும்போது 1,000 ஆக இருந்தது, 2018-ல் குறைத்தார்கள்). அதுவும் கட்டாமல் விட்டால், விட்ட வருடத்துக்கு 50 ரூபாய் அபராதம் சேர்த்துக் கட்டிச் சரி செய்துகொள்ளலாம்.

இனி எடுப்பது. பெண்ணுக்கு 18 ஆகியிருக்க வேண்டும் அல்லது பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், எது முதலில் வருகிறதோ அது. முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் பாதிதான் கிடைக்கும். எங்களுக்கு 1 லட்சத்து 56 ஆயிரம். அதையும் நம் இஷ்டத்துக்குத் தரமாட்டார்கள், கல்லூரி கேட்கும் கட்டணம் எவ்வளவோ அவ்வளவுதான். மகள் பி.எஸ்சி நர்சிங் சேர்ந்தாள், முதல் வருடம் விடுதியோடு 82,000. கல்லூரியில் கொடுத்த சீட்டில் படிப்புக் கட்டணம் மட்டும் அச்சடித்திருந்தது, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் தனியாக ஒரு துண்டுத்தாளில் பேனாவால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் துண்டுத்தாள் செல்லாது. லெட்டர்பேடில் எல்லாத் தொகையும் போட்டு முத்திரையோடு வாங்க, இரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டு பஸ்ஸில் அலைந்தேன். சேர்க்கை நாளன்றே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள், இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. ஒன்பது வருடமும் அந்தக் கணக்கில் என் கையெழுத்துதான். 18 முடிந்ததும் கணக்கு அவள் கைக்குப் போய்விடுகிறது, ஆதார், பான், போட்டோ எல்லாம் அவள் கொடுத்து, படிவத்தில் அவளே கையெழுத்துப் போட வேண்டும். கவுண்டரில் இருந்த அம்மா என் கையில் இருந்த படிவத்தை வாங்கி, பென்சிலால் இரண்டு இடத்தில் பெருக்கல் குறி போட்டு, அவள் பக்கம் தள்ளி, "நீ போடும்மா" என்றார். அவள் பான் அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, இனிஷியலோடு மெதுவாக எழுதினாள். பிறகு பாஸ்புக்கைப் புரட்டிக்கொண்டே, "அம்மா, கொரோனா வருஷத்துல ஆறு மாசம் ஒண்ணுமே இல்லையே, மார்ச்சுல மொத்தமா போட்டிருக்கே, எப்படி?" என்று கேட்டாள். அந்த வருடம் மாஸ்க் தைத்துக் கொடுத்த காசு அது. நான் சொல்லாமலே அவளுக்கு எல்லாம் அந்தப் பக்கங்களில் தெரிந்துவிட்டது.

சொந்தத்தில் பெரியவர்கள் தடுத்தார்கள். கல்யாணத்துக்கு என்று வைத்ததைத் தொடாதே, படிப்புக்கு பேங்கில் லோன் போடு, அவள் வேலைக்குப் போய் அடைக்கட்டும் என்றார்கள். கல்விக்கடன் கெட்டது என்று நான் சொல்லவில்லை, நான்கு லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக்கூடாது என்பதுதான் விதி, படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணையும் கிடையாது. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். படித்து முடித்து முதல் சம்பளம் வாங்கும் பிள்ளைக்கு அந்தக் கடன் முதுகில் இருந்தால் கிடைத்த வேலையில் போய் உட்காரும், நல்ல வேலைக்குக் காத்திருக்காது. பெற்றவர்களால் முடிந்த அளவு தாங்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம், முழுதாக முடியாவிட்டாலும் பாதியாவது.

உண்மையில் பாதிதான் முடிந்தது. முதல் வருடம் 82,000, இரண்டாம் வருடம் மிச்சம் 74,000, அதோடு எடுக்கும் வரம்பு தீர்ந்தது. நர்சிங் நான்கு வருடம். மூன்றாம், நான்காம் வருடத்துக்குக் கடன் போடத்தான் போகிறோம், ஆனால் நான்கு வருடக் கடனுக்கும் இரண்டு வருடக் கடனுக்கும் எவ்வளவு வித்தியாசம்! இதுதான் இந்தத் திட்டத்தின் பெரிய குறை. கணக்கு முதிர 21 வருடம் ஆகும், எங்களுக்கு 2036. பிள்ளை படிப்பது 18-லிருந்து 22-க்குள், மீதிப் பாதி அவளுக்கு முப்பது வயதாகும்போது கிடைத்து என்ன பயன்? உயர்கல்விக்கு என்று கேட்டால் முக்கால்வாசியாவது தரலாம். அதனால் ஒன்பது வயதில் தொடங்காதீர்கள். பிறந்த சான்றிதழ் கைக்கு வந்த மாதமே தொடங்குங்கள். ஒன்பது வருடத்துக்குப் பதில் பதினைந்து வருடம் கட்டியிருந்தால், அந்தப் பாதியே எங்களுக்கு நான்கு வருடத்துக்கும் போதுமானதாக இருந்திருக்கும்.

பையன்களுக்கு இது கிடையாது. பொன்மகன் என்று தமிழ்நாட்டு அஞ்சலகங்களில் சொல்வது பொது வருங்கால வைப்பு நிதிதான், வட்டி 7.1. சின்னவனுக்கு அதில் போட்டு வருகிறேன், அதைப் பற்றி எடுத்த பிறகுதான் எழுத முடியும்.

மகள் அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வருகிறது. இந்த வருடம் செல்வமகள் தவணையை அவளே அதிலிருந்து 500 எடுத்துக் கட்டினாள். 4-ஆம் தேதி போய்க் கட்டிவிட்டு ரசீதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தாள்.