‘ஜீரோ வட்டி’ டிவிக்கு நூற்றுக்கு நாலே கால் வட்டி: தீபாவளிக்குக் கடைக்குப் போகுமுன் படித்துவிடுங்கள்

ஒரு குடும்பம் வாங்கிய 43 இஞ்ச் டிவி, பில் 36,000 ரூபாய். வாங்கிய அன்று கையில் கட்டியது 13,000. மீதி மாதம் 3,000 வீதம் எட்டு மாதம். வட்டி பூஜ்யம் என்று ரசீதிலேயே அச்சடித்திருக்கிறது. இதே டிவியை ஜிபே-யில் மொத்தமாகக் கட்டி எடுத்தால் என்ன விலை என்று அதே கவுன்டரில் கேட்டதற்கு வந்த பதில் 33,000. அந்தக் குடும்பம் இதைக் கேட்டது டிவி சுவரில் ஏறிய பிறகு.

கடையின் பெயரும் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டாம். புரட்டாசி பாதியில் தொடங்கி ஐப்பசி வரை எந்த ஊர் ஷோரூமுக்குள் நுழைந்தாலும் இதே மேஜை, இதே டேப்லெட், இதே பேச்சுதான். கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

இந்தத் திட்டத்துக்குக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘12-க்கு 4’. மொத்தம் 12 தவணை, அதில் 4 தவணையை அன்றைக்கே வாங்கிவிடுவார்கள். நாலு மூவாயிரம் 12,000. அதோடு ஆவணக் கட்டணம் 600, கார்டு கட்டணம் 400. ஆக 13,000. ரொக்க விலை 33,000 என்றால் அன்று நீங்கள் உண்மையில் வாங்கிய கடன் 20,000 மட்டும். அந்த 20,000-க்கு எட்டு மாதத்தில் திருப்பிக் கட்டுவது 24,000.

நாலாயிரம்தானே கூடுதல், 20 சதவீதம்தானே என்று தோன்றும். அங்கேதான் கண் ஏமாறுகிறது. கடன் எட்டு மாதமும் 20,000-ஆக நிற்பதில்லை. மாதா மாதம் கரைந்துகொண்டே வருகிறது. சராசரியாகப் பார்த்தால் பாதிக்குச் சற்று மேல்தான் உங்கள் கையில் இருந்தது. முதல் தவணைக்கு ஒரு மாத இடைவெளி என்று வைத்துப் போட்டால் மாத வட்டி 4.24 சதவீதம் வருகிறது. நூற்றுக்கு நாலே கால் வட்டி. வருஷக் கணக்கில் கிட்டத்தட்ட 51 சதவீதம். தெருமுனையில் மூன்று வட்டிக்குக் கொடுப்பவரை நாம் கந்துவட்டிக்காரர் என்கிறோம். இங்கே காபி கொடுத்து, காலண்டரும் கொடுத்து அனுப்புகிறார்கள்.

எக்செல் தெரிந்தவர்கள் ‘ரேட்’ ஃபார்முலாவில் தவணை எண்ணிக்கை 8, தவணை மைனஸ் 3000, கடன் 20000 என்று போட்டுப் பாருங்கள். கடையில் நின்றபடியே போனில் போட ஒரு குத்துமதிப்பு வழி உண்டு. தவணை எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிப் பாதியாக்குங்கள்: 8+1=9, பாதி 4.5. அதைக் கடனால் பெருக்கினால் 90,000. கூடுதலாகக் கட்டும் 4,000-ஐ அதால் வகுத்தால் 4.4 சதவீதம். சரியான விடையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், ஆனால் முடிவெடுக்க அது போதும். இதில் போட வேண்டிய ‘கடன்’ பில்லில் உள்ள தொகை அல்ல. ரொக்க விலையில் அன்று கட்டியதைக் கழித்த மீதி. இந்த ஒரு எண்ணைத்தான் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். அதனால் கடைக்குள் போனதும் தவணைப் பேச்சையே எடுக்காமல், “மொத்தமா கட்டினா கடைசி விலை என்ன?” என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் அவர்கள் கையாலேயே ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். பிறகுதான் தவணை மேஜைப் பக்கம் போக வேண்டும்.

பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர் 17 சுற்றறிக்கையில் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பொருளின் விலையில் தள்ளுபடி இருந்தால் அதைக் கழித்த தொகைக்குத்தான் கடன் தர வேண்டும், தள்ளுபடியைக் காட்டி வட்டியைக் குறைத்ததாகக் காட்டக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. நடப்பது வேறு.

2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குத் தரும் தவணைக் கடன் எல்லாவற்றுக்கும் ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்’ என்ற விவரத்தாள் கட்டாயம். கட்டணங்கள் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எத்தனை சதவீதம் என்ற ஏபிஆர் அதில் இருக்க வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும்; தமிழில் கேட்கலாம். ஏழு நாளுக்கு மேற்பட்ட கடன் என்றால் அந்தத் தாள் குறைந்தது மூன்று வேலை நாள் செல்லும். “இன்னைக்கு ராத்திரி வரைக்கும்தான் இந்த ஆஃபர்” என்று அவசரப்படுத்தும்போது இது நினைவிருக்கட்டும். தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிடிக்க முடியாது. ஆனால் ஒன்று: ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய 3,000 ரூபாய் குறைப்பு இந்த ஏபிஆருக்குள் வராது. காகிதம் நேர்மையாக இருந்தாலும் பணம் போயிருக்கும்.

அடுத்தது ஓடிபி. டேப்லெட்டோடு நிற்கும் பையன், “அக்கா, ஓடிபி ஒண்ணு வந்திருக்கும், சொல்லுங்க” என்பான். சொன்னதும் இன்னொன்று. பிறகு மூன்றாவது. அந்தக் குடும்பத்தில் நாலு ஓடிபி கொடுத்திருக்கிறார்கள். எஸ்எம்எஸ்களைப் பிறகு திறந்து பார்த்தால் ஒன்று கடன் ஒப்பந்தத்துக்கு, ஒன்று வங்கிக் கணக்கில் தானாகப் பணம் எடுக்கும் மேன்டேட்டுக்கு, மற்ற இரண்டும் கூடுதல் வாரன்டிக்கென்று திறந்த தனிக் கடனுக்கும் அதன் மேன்டேட்டுக்கும். வாரன்டி 2,400 ரூபாய், மாதம் 300 வீதம் எட்டு மாதம். முதல் தவணை நாளில் 3,000-க்குக் கீழே இன்னொரு 300 போனபோதுதான் தெரிந்தது. ஓடிபி எண்ணுக்கு முன்னால் ஒரு வரி ஆங்கிலத்தில் இருக்கும். எதற்காக என்று அதில் எழுதியிருக்கும். போனைக் கடைப்பையனிடம் நீட்டாமல், அந்த வரியை நீங்கள் படித்துவிட்டு எண்ணைச் சொல்லுங்கள். புரியாவிட்டால் கூட வந்த பிள்ளையிடம் படிக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த வாரன்டியும் என்னவென்று பாருங்கள். கம்பெனியின் ஒரு வருஷ வாரன்டி முடிந்த பிறகுதான் அது தொடங்கும். பல சமயம் கொடுப்பது டிவி கம்பெனி கிடையாது, வேறொரு நிறுவனம். ஸ்கிரீன் அடிபட்டு உடைந்தால் பெரும்பாலும் செல்லாது.

மேன்டேட் தேதியில்தான் அடுத்த அடி. தவணை 2-ஆம் தேதி, சம்பளம் 7-ஆம் தேதி என்றால் ஒவ்வொரு மாதமும் கத்திமேல் நடை. கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் கடன் நிறுவனம் ஒரு கட்டணம், உங்கள் வங்கி ஒரு கட்டணம். 300 ரூபாய்த் தவணை திரும்பினாலும் அதே கட்டணம்தான். இரண்டு மேன்டேட் இருந்தால் இரண்டு மடங்கு. கையெழுத்துக்கு முன்பே தேதியை 10-க்கு மேல் மாற்றித் தரச் சொல்லுங்கள்; பிறகு மாற்றுவது கஷ்டம். முதல் நாள் இரவு ஆப்பில் கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்றும் இருக்காதீர்கள். வசூல் பட்டியல் வங்கிக்கு முன்பே போயிருந்தால் மறுநாள் காலை இன்னொரு முறை எடுப்பார்கள்.

கிரெடிட் கார்டில் வரும் ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ கொஞ்சம் வேறு மாதிரி. அதே 36,000, 12 மாதம், வங்கி வட்டி 15 சதவீதம் என்று வையுங்கள். கடை 2,762 ரூபாய் தள்ளுபடி கொடுத்து, கார்டில் 33,238 ஏற்றும். வங்கி 2,762-ஐ வட்டியாக எடுத்துக்கொள்ளும். மாதம் 3,000 என்று நேராகத் தெரியும். ஆனால் கார்டு வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு: 497 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 199 என்றால் ஜிஎஸ்டியோடு 235. ஆக ‘செலவில்லாத’ தவணைக்கு 732 ரூபாய் செலவு, ரொக்கத் தள்ளுபடி போனது தனி. 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கார்டு விதிகளின்படி அசல், வட்டி, தள்ளுபடி மூன்றையும் தவணையாக மாற்றுமுன்பே தனித்தனியாகக் காட்ட வேண்டும். ஸ்டேட்மெண்டிலும் காட்ட வேண்டும். பொருளைத் திருப்பிக் கொடுத்தால் இஎம்ஐ தானாக நிற்கும் என்று நம்பாமல் வங்கியை அழைத்து ரத்து செய்யச் சொல்லுங்கள்.

இனி, ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, தீபாவளியும் முடிந்தது என்பவர்களுக்கு.

போனஸ் மிச்சம் இருந்தால் முதலில் டிவிக் கடனை முடித்துவிடலாம் என்று பலர் கிளம்புகிறார்கள். வேண்டாம். அந்தக் கடனில் சுமையெல்லாம் விலையிலேயே ஏறி முடிந்துவிட்டது; எட்டுத் தவணையை இன்றே கட்டினாலும் ஒரு ரூபாய் குறையாது, சில இடங்களில் முன்கூட்டி முடிப்பதற்குக் கட்டணம் வேறு. அது தவணைப்படி போகட்டும். பணம் போக வேண்டிய இடம் கார்டு.

துணி, பட்டாசு, பலகாரம், ஊருக்குப் போன பஸ் என்று கார்டில் 60,000 நிற்கிறது என்று வையுங்கள். குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம், 3,000. மாத வட்டி 3.75 சதவீதம் என்றால் 2,250. அதற்கு ஜிஎஸ்டி 405. நீங்கள் கட்டிய 3,000-இல் அசலுக்குப் போனது வெறும் 345. இந்த வேகத்தில் அடுத்த தீபாவளிக்கும் கடன் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். பாக்கி இருக்கும்வரை வட்டியில்லா நாட்களும் கிடையாது: நாளைக்குக் கார்டில் வாங்கும் பால் பாக்கெட்டுக்கும் நாளையிலிருந்தே வட்டி. ஆகவே பாக்கி தீரும்வரை அந்தக் கார்டை வெளியே எடுக்காதீர்கள். ஸ்விக்கி, அமேசானில் சேமித்து வைத்த கார்டு விவரத்தையும் நீக்குங்கள்.

வீட்டில் நகை இருந்தால் வங்கியில் வைத்து மொத்தமாக அடைப்பதே மலிவு. வங்கி நகைக்கடன் நூற்றுக்கு ஒரு வட்டிக்குள்தான் வரும். கார்டு ஜிஎஸ்டியோடு 4.4. நகை இல்லையென்றால் பாக்கியைத் தவணையாக மாற்றச் சொல்லி வங்கியைக் கேளுங்கள், அந்த வட்டி பெரும்பாலும் கார்டு வட்டியில் பாதிக்கும் கீழேதான் இருக்கும். ஆனால் நகையை வைத்துக் கார்டை அடைத்துவிட்டு, பொங்கலுக்கு மறுபடி கார்டைத் தேய்த்தால் இரண்டு கடன். லிமிட்டைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கார்டையே மூடுவதானால் பாக்கி கட்டிய பின் ஏழு வேலை நாளுக்குள் வங்கி மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும்.

தமிழக அரசு ஊழியர்களுக்கு மட்டும் ஒன்று: பண்டிகை முன்பணம் 10,000-ஆக இருந்தது, 2025-இல் 20,000-ஆக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. வட்டி கிடையாது, நிஜமாகவே. அதை எடுக்காமல் கடையில் தவணை போடுபவர்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

தவணைக்குப் பயந்து தீபாவளிச் சீட்டுப் பக்கம் போவோரும் கவனிக்க. தெருவில் நோட்டுப் போட்டு மாதம் 500 வாங்கி, வருஷக் கடைசியில் பட்டாசுப் பெட்டியும் வெள்ளிக் காசும் தருகிறேன் என்பவரிடம் 1982 சிட்பண்ட் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், அவர் ஊரைவிட்டுப் போனால் உங்கள் கையில் நோட்டு மட்டும் இருக்கும். டிவித் தவணை முடியும் மாதமே அதே 3,000-க்கு வங்கியில் ஆர்டி (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) தொடங்கினால் அடுத்த வருஷம் ரொக்க விலையில் பேரம் பேசலாம்.

கேட்காத வாரன்டி, சொல்லாத கட்டணம் இருந்தால் முதலில் கடன் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் புகார், புகார் எண் வாங்க வேண்டும். கடைக்காரரிடம் வாய்ப்பேச்சு கணக்கில் வராது. 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் திருப்தி இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்தில் இலவசமாகப் புகார் தரலாம்; உதவிக்கு 14448. கடையின் மேல் புகார் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. பில், ஓடிபி எஸ்எம்எஸ்கள், விவரத்தாள், கணக்கில் பணம் போன பக்கம் நான்கையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எஸ்எம்எஸ்ஸை அழித்துவிட்டால் எது எதற்குச் சம்மதித்தீர்கள் என்று காட்ட வேறு வழியில்லை.

கடைசித் தவணை போனதும் கடன் முடிந்ததற்கான என்ஓசி-யை (பாக்கியில்லை என்ற சான்று) டிவி, வாரன்டி இரண்டு கடனுக்கும் தனித்தனியாகக் கேட்டு வாங்கி, மேன்டேட்டை வங்கி ஆப்பில் ரத்து செய்யுங்கள்.