வீட்டைச் சூடாக்க அரசு தரும் காசு: கையிலா, யூனிட்டுக்கா, வரியிலா?

ஐரோப்பாவில் ஒரு வீடு செலவழிக்கும் எரிசக்தியில் பாதிக்கு மேல் வீட்டைச் சூடாக்கவே போகிறது. ஏசி ஓடும் மாதத்தில் கரன்ட் பில்லைப் பார்த்துப் பயப்படும் நமக்கு இது தலைகீழ் உலகம். அங்கே தண்ணீரைக் காய்ச்சி அறைக்கு அறை ஓடவிடும் கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் வைத்துக்கொள்ளச் சொல்லி அரசுகள் காசு கொடுக்கின்றன. ஹீட் பம்ப் என்பது ஏறக்குறைய ஏசியைத் திருப்பி வைத்தது மாதிரி. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சி வீட்டுக்குள் தள்ளும். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். இடிப்பது விலைதான். பிரிட்டனில் கேஸ் பாய்லரை மாற்ற இரண்டு, மூவாயிரம் பவுண்ட் போதும். ஹீட் பம்ப் என்றால் ரேடியேட்டர் (சுடுதண்ணீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்கும் சுவர்ப் பலகை), குழாய் வேலை எல்லாம் சேர்த்துச் சுமார் 13,000 ஆகிவிடும்.

இந்த இடைவெளியை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக நிரப்பப் பார்த்திருக்கிறது. எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைவிட, அந்தக் காசை எதோடு முடிச்சுப் போட்டார்கள் என்பதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. எரிக்கும் யூனிட்டோடா, வாங்கும் கருவியோடா, கான்ட்ராக்டர் நீட்டும் பில்லோடா?

யூனிட்டோடு முடிச்சுப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு, பிரிட்டிஷ் அரசுக்கு உட்பட்டாலும் தனி ஆட்சி உள்ள வட அயர்லாந்து ஒன்று போதும். 2012 நவம்பரில் கடைகள், பண்ணைகள், தொழிற்கூடங்களுக்கு ஒரு திட்டம் வந்தது: மரத்துகள் உருண்டைகளை எரிக்கும் பாய்லர் வையுங்கள், உற்பத்தியாகும் வெப்பத்துக்கு யூனிட் கணக்கில் 20 ஆண்டுகள் பணம் தருகிறோம். அதிகம் பேர் வாங்கிய அளவு பாய்லருக்கு யூனிட்டுக்கு 6 பென்ஸை (100 பென்ஸ் ஒரு பவுண்ட்) ஒட்டிக் கொடுத்தார்கள். எரிபொருளோ அதைவிட மலிவு. அதாவது எவ்வளவு எரிக்கிறோமோ அவ்வளவு லாபம். இங்கிலாந்தில் இதே போன்ற திட்டத்தில் ஒரு தடுப்பு இருந்தது. ஆண்டுக்கு 1,314 மணி நேரத்தைத் தாண்டினால் கட்டணம் சடாரென்று குறைந்துவிடும். வட அயர்லாந்துக்கு நகலெடுத்தபோது அந்த வரியை விட்டுவிட்டார்கள். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்!

லண்டன் கஜானாதான் முழுப் பில்லையும் கட்டப்போகிறது என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது. அந்தக் காசுக்கும் ஒரு வரம்பு உண்டு என்பது பின்னால்தான் உறைத்தது. 2015 நவம்பரில் தடுப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் அதற்கு முந்தைய வாரங்களில் விண்ணப்பங்கள் குவிந்தன. 2016 தொடக்கத்தில் திட்டத்தையே மூடினார்கள். மக்கள் வைத்த பெயர் 'சாம்பலுக்குக் காசு'. திட்டம் தொடங்கியபோது துறை அமைச்சராக இருந்த ஆர்லின் ஃபாஸ்டர் அதற்குள் முதல் அமைச்சராகியிருந்தார். 2017 ஜனவரியில் துணை முதல் அமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் பதவி விலக, ஆட்சியே கவிழ்ந்து, 2020 ஜனவரி வரை அங்கே அரசு இல்லை. பாய்லர் மானியத்தில் தொடங்கிய சண்டை ஓர் ஆட்சியையே கவிழ்த்த கதை வேறெங்கும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

யூனிட் முறையே தப்பு என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. பிரிட்டனில் 2014 ஏப்ரலில் வீடுகளுக்கு வந்த திட்டத்தில் பெரும்பாலும் மீட்டரைப் பார்த்துப் பணம் தரவில்லை. இந்த வீட்டுக்கு ஆண்டுக்கு இவ்வளவு வெப்பம் தேவை என்று எரிசக்திச் சான்றிதழை வைத்து முன்பே கணக்கிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏழு ஆண்டுகளுக்குக் கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்துவைத்து எரித்தாலும் ஒரு பென்னி அதிகமாகக் கிடைக்காது. அதில் இடித்தது வேறு விஷயம். முதலில் முழுப் பணத்தையும் நாம் புரட்டியாக வேண்டும். கையில் சேமிப்பு உள்ளவருக்கு அது நல்ல முதலீடு, இல்லாதவருக்கு வெறும் செய்தி. 2022 மார்ச்சில் அதை மூடினார்கள்.

அதற்குப் பதிலாக அதே ஆண்டு மே மாதம் திறந்தது பாய்லர் மாற்று மானியம், இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்புக்கு முதலில் 5,000 பவுண்ட், 2023 அக்டோபரிலிருந்து 7,500. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, விண்ணப்பத்தை வீட்டுக்காரர் போட வேண்டியதில்லை என்பது. பொருத்தித் தரும் நிறுவனமே போட்டு, பில்லில் 7,500-ஐக் கழித்துவிடும். 13,000 பவுண்ட் வேலைக்கு 5,500 கொடுத்தால் முடிந்தது. சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்கக்கூடிய தொகை அது. ஆனால் லட்சாதிபதிக்கும் 7,500தான், பஸ் ஓட்டுபவருக்கும் 7,500தான்.

ஜெர்மனி அந்த இடத்தில்தான் மாறுபடுகிறது. 2024-இல் வந்த விதிப்படி, எல்லோருக்கும் செலவில் 30 சதவீதம். சொந்த வீட்டில் குடியிருப்பவர் பழைய எண்ணெய் பாய்லரைச் சீக்கிரம் மாற்றினால் இன்னொரு 20. குடும்பத்தின் வரிக்குரிய வருமானம் ஆண்டுக்கு 40,000 யூரோவுக்குள் இருந்தால் மேலும் 30. எல்லாம் கூட்டினாலும் 70 சதவீதத்தைத் தாண்டாது. கணக்கில் எடுக்கும் செலவும் ஒரு வீட்டுக்கு 30,000 யூரோதான். ஆக உச்சம் 21,000 யூரோ. நியாயத்தில் இதற்கே என் ஓட்டு. ஆனால் பணம் வருவது வேலை முடிந்து, பில்களைக் காட்டிய பிறகு. எந்தக் குடும்பத்துக்கு 70 சதவீதம் தேவையோ, அதே குடும்பம்தான் நடுவில் கடனுக்கு அலைய வேண்டும். பிரிட்டனில் சுலபம், ஜெர்மனியில் நியாயம். இரண்டையும் ஒரே திட்டத்தில் சேர்க்க ஏன் முடியவில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

அப்புறம் இத்தாலி. 2020 மே மாதம், கொரோனாவில் படுத்த கட்டுமானத் தொழிலைத் தூக்கி நிறுத்த, சூப்பர்போனஸ் என்று ஒன்றை அறிவித்தார்கள். கட்டடத்தின் எரிசக்தித் தரத்தை இரண்டு படி உயர்த்தினால் செலவில் 110 சதவீதம் வரிக்கழிவு, அதாவது கட்ட வேண்டிய வரியிலிருந்தே அவ்வளவையும் கழித்துக்கொள்ளலாம். ஆமாம், நூற்றுப்பத்து! அந்த வரிக்கழிவை வங்கிக்கோ கான்ட்ராக்டருக்கோ விற்றுவிடவும் அனுமதித்தார்கள். ஆகவே வீட்டுக்காரர் கையிலிருந்து எதுவும் போக வேண்டியதில்லை. 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' கதைதான். காசு நம்முடையது இல்லை என்னும்போது யார் பேரம் பேசுவார்கள்? ஊரெல்லாம் சாரம் ஏறியது, விலையும் ஏறியது, நடக்காத வேலைக்குக் கழிவு வாங்கிய மோசடிகளும் வந்தன. 2023 பிப்ரவரியில் கழிவை விற்பதற்குத் தடை போட்டார்கள். அதற்குள் அரசின் செலவு 100 பில்லியன் யூரோவைத் தாண்டும் பாதைக்கு வந்துவிட்டது. வரிக்கழிவின் இன்னொரு கோடி அமெரிக்கா. அங்கே ஹீட் பம்புக்கு 30 சதவீதம், அதிகபட்சம் 2,000 டாலர். வரி கட்டுமளவு வருமானம் இல்லாதவருக்கு அதில் எதுவும் இல்லை. 2025-ஓடு அதுவும் முடிந்தது.

அவசரத்தையும் ஒரு வகை என்றே சொல்லலாம். பிரிட்டன் 2020-இல், சுவர், கூரை வழியாக வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் காப்புக்கும் சேர்த்து வவுச்சர் கொடுத்தது. 6 லட்சம் வீடுகள் என்று சொல்லிவிட்டு 2021 மார்ச்சில் ஆறே மாதத்தில் மூடியது. முடிந்தது 50,000-க்கும் குறைவு. காத்திருந்த கான்ட்ராக்டர்களுக்கு வேலையும் போச்சு, நம்பிக்கையும் போச்சு.

இத்தனை திட்டங்களும் கருவி வாங்கும் நாளைப் பற்றியே பேசுகின்றன. மாதாமாதம் வரும் பில்லை யார் பார்ப்பது? பிரிட்டனில் 2025 வாக்கில் ஒரு யூனிட் கேஸ் சுமார் 6 பென்ஸ், மின்சாரம் 25. கேஸ் பாய்லரில் பத்தில் ஒரு பங்கு வீணாகும் என்று வைத்தால் ஒரு யூனிட் வெப்பத்துக்கு 6.7 பென்ஸ். ஹீட் பம்ப் மூன்று மடங்கு தந்தால் 8.3. கேஸுக்குச் சமமாக வர மூன்றே முக்கால் மடங்கு தர வேண்டும். ரேடியேட்டரைப் பெரிதாக்கி, 45 டிகிரித் தண்ணீரிலேயே வீடு சூடாகும்படி கணக்குப் போட்டுப் பொருத்தினால் அதை எட்டிவிடலாம். பழைய சின்ன ரேடியேட்டரை அப்படியே விட்டு 55 டிகிரியில் ஓட்டினால் கஷ்டம். 7,500 பவுண்ட் மானியத்துக்கு அரசு கேட்கும் குறைந்தபட்சத் திறன் 2.8 மடங்குதான்.