ஊர் வங்கியில் பிடித்த பணத்தைத் திரும்ப வாங்க, சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் முன்பே எழுதுங்கள்

ஜூன் பள்ளி விடுமுறையிலும் ஆண்டுக் கடைசியிலும் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போகிறவர்களின் வேலைப் பட்டியலில் வங்கி தவறாமல் இருக்கும். பாஸ்புக்கை மெஷினில் விட்டால் பக்கம் பக்கமாக எண்ட்ரி விழும். மினிமம் பேலன்ஸ் அபராதம், எஸ்எம்எஸ் கட்டணம், ஏடிஎம் கார்டு ஆண்டுக் கட்டணம் என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் கீழே 18 சதவீத ஜிஎஸ்டி. கவுன்டரில் கேட்டால் "சிஸ்டமே பிடிச்சிருக்கு சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்பார்கள். சிஸ்டம் பிடித்தது உண்மைதான். ஒன்றும் செய்ய முடியாது என்பது உண்மையில்லை. பல வங்கிகளில் ஓரளவு தொகையைத் திருப்பிப் போடக் கிளை மேலாளருக்கே அதிகாரம் உண்டு. அதற்கு மேல் போனால் வட்டார அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும்.

நம்மவர்களுக்கு இதில் இடிப்பது நாட்கணக்கு. லீவு பெரும்பாலும் இரண்டு வாரம். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மேன்) போக வேண்டுமானால், முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். ஊரில் இறங்கிய பிறகு புகார் கொடுத்தால், அந்த 30 நாள் முடியும்போது நாம் இங்கே வேலையில் இருப்போம். ஆகவே விமானம் ஏறுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே, இங்கிருந்தே வங்கியின் இணையதளப் புகார்ப் பக்கத்தில் முறையீட்டைப் பதிந்து புகார் எண்ணை வாங்கிவிடுங்கள். கிளைக்கும் மின்னஞ்சலில் ஒரு நகல் போகட்டும். கிளைக்குள் நுழையும்போது கையில் எண்ணும் தேதியும் இருந்தால் பேச்சே வேறு மாதிரி போகும்.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்டுப் பயனில்லை என்று பிரித்துக்கொள்வதுதான் பாதி வேலை. "கட்டணம் ரொம்ப அதிகம்" என்று எழுதினால் வங்கியும் அசையாது, குறைதீர்ப்பாளரும் தொடமாட்டார். கட்டண அளவை முடிவுசெய்வது வங்கியின் வணிக உரிமை. விதியை மீறிப் பிடித்தது என்று காட்டினால்தான் வழக்கு நிற்கும்.

மினிமம் பேலன்ஸ் விஷயத்தில் விதி தெளிவாக இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை 2015 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. சேமிப்புக் கணக்கில் இருப்பு குறைந்தால் வங்கி முதலில் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் வழியாகத் தெரிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பிலிருந்து குறைந்தது ஒரு மாத அவகாசம் கொடுத்த பிறகுதான் அபராதம் போடலாம். அபராதம் குறைந்த தொகைக்கு ஏற்றபடி, அதன் சதவீதமாக இருக்க வேண்டும். அபராதத்தால் மட்டும் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேசிய மினிமம் பேலன்ஸ் 10,000 ரூபாய், அந்த மாதச் சராசரி 6,000, வங்கியின் கட்டண அட்டவணையில் 6 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பற்றாக்குறை 4,000. அபராதம் 240, ஜிஎஸ்டி 43.20, மொத்தம் 283.20 ரூபாய். பாஸ்புக்கில் விழுந்திருக்கும் தொகை இதைவிடப் பெரிதாக இருந்தால் கேள்வி கேட்க இடமிருக்கிறது. அட்டவணை அந்தந்த வங்கியின் இணையதளத்தில் இருக்கும். பிடித்த மாதத்தில் நடப்பில் இருந்த அட்டவணையைப் பாருங்கள், இன்றைய அட்டவணையை அல்ல. எல்லா வங்கியிலும் இந்த அபராதமே இப்போது இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஸ்டேட் பேங்க் 2020 மார்ச்சிலேயே சேமிப்புக் கணக்குகளுக்கு இதை எடுத்துவிட்டது. கனரா வங்கி 2025 ஜூன் 1 முதலும், இந்தியன் வங்கி 2025 ஜூலை 7 முதலும் எடுத்துவிட்டன. அதற்குப் பிந்திய தேதியில் அப்படி ஒரு எண்ட்ரி இருந்தால் உடனே காட்டிக் கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களின் புகார் பெரும்பாலும் தோற்பது அறிவிப்பு என்ற இடத்தில்தான். வங்கி பழைய இந்திய எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கும். அந்த சிம் செத்து வருஷக்கணக்காகியிருக்கும். எண் மாறியதை நாம் சொல்லவில்லை என்றால், அனுப்பிவிட்டோம் என்ற வங்கியின் பதில் எடுபடும். +65 எண்ணையோ மின்னஞ்சலையோ முன்பே பதிந்து, அந்தப் படிவத்தின் நகலோ ஒப்புகை மின்னஞ்சலோ வைத்திருந்தால் நிலைமை தலைகீழ். அதனால் புகாரில் "எனக்கு அறிவிப்பு வரவில்லை" என்று எழுதாதீர்கள். "எந்தத் தேதியில், எந்த வழியில், எந்த எண்ணுக்கு அல்லது முகவரிக்கு அறிவிப்பு அனுப்பினீர்கள்?" என்று கேளுங்கள். வங்கி ஆவணத்தை எடுத்துக் காட்டியாக வேண்டும். காட்ட முடியாத மாதங்களுக்குப் பிடித்த பணம் பெரும்பாலும் திரும்பி வருகிறது.

இரண்டு ஆண்டு தொடாமல் கிடந்த கணக்கு இன்னும் வலுவான வழக்கு. வாடிக்கையாளர் செய்த பரிவர்த்தனை எதுவும் இரண்டு ஆண்டுக்கு மேல் இல்லாவிட்டால் அது செயலற்ற கணக்கு. வங்கி வட்டி வரவு வைத்ததும் கட்டணம் பிடித்ததும் வாடிக்கையாளர் செய்ததாகாது. செயலற்ற கணக்கில் மினிமம் பேலன்ஸ் அபராதம் கூடாது என்பது 2014 மே மாதத்திலிருந்தே உள்ள விதி. 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள திருத்திய விதிகளின்படி, அப்படிப்பட்ட கணக்கை மீண்டும் உயிர்ப்பிக்கவும் கட்டணம் கிடையாது. சேமிப்பு வட்டியையும் நிறுத்தக்கூடாது. கடைசியாக நீங்கள் பணம் போட்ட அல்லது எடுத்த தேதியைப் பாஸ்புக்கில் கண்டுபிடித்து, அதிலிருந்து இரண்டு ஆண்டு எண்ணி, அதற்குப் பின் விழுந்த அபராத எண்ட்ரிகளை எல்லாம் தனியாகக் கூட்டுங்கள்.

சென்னையிலோ கோவையிலோ வேலை பார்த்துவிட்டு இபி, எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளில் இங்கு வந்தவர்களுக்கு வேறொரு சிக்கல். பழைய சம்பளக் கணக்கு அப்படியே கிடக்கும். சம்பளம் வருவது நின்ற சில மாதங்களில் வங்கி அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றி அபராதம் போடத் தொடங்கும். மாற்றியதை எப்போது தெரிவித்தார்கள் என்பதே இங்கும் கேள்வி. ஆனால் வெளிநாடு வந்த பின் உள்நாட்டுக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கு) ஆக மாற்றுவது நம் கடமை. புகாரோடு சேர்த்து அதையும் முடித்துவிடுங்கள்.

ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால் ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே திருப்பிப் போட வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் நாம் கேட்காமலே. இது 2019ல் வந்த விதி. இருபதாம் நாள் பணம் திரும்பியிருந்தால் பதினைந்து நாளுக்கு 1,500 ரூபாய் சேர்ந்து வந்திருக்க வேண்டும். அது கிடைக்காதவர்கள் ஏராளம், கேட்டவர்கள் குறைவு. இந்த விதி இந்திய வங்கிக் கார்டுக்கு மட்டும். சிங்கப்பூர் வங்கிக் கார்டை ஊர் ஏடிஎம்மில் போட்டுப் பணம் வராமல் போனால், கார்டு கொடுத்த சிங்கப்பூர் வங்கியிடம்தான் புகார் செய்ய வேண்டும். மெஷின் "சிங்கப்பூர் வெள்ளியில் கணக்கிடவா, ரூபாயிலா?" என்று கேட்டால் ரூபாய் என்று அழுத்துங்கள். வெள்ளியைத் தேர்ந்துவிட்டு மாற்று விகிதம் மோசம் என்று பிறகு புகார் செய்தால் பணம் திரும்பாது.

மே மாதக் கடைசியைத் தனியாகப் பாருங்கள். 436 ரூபாய், 20 ரூபாய் என்று இரண்டு எண்ட்ரி இருந்தால் அவை அரசின் ஆயுள் காப்பீட்டுக்கும் விபத்துக் காப்பீட்டுக்குமான ஆண்டுப் பிரீமியம். நல்ல திட்டங்கள்தான். ஆனால் சம்மதம் இல்லாமல் சேர்த்திருந்தால் சம்மதப் படிவத்தின் நகலைக் கேட்கலாம். டெபாசிட் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கி ஆயுள் காப்பீட்டைத் தலையில் கட்டுவது வேறு ரகம், தொகையும் பெரிது. பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கே எழுதி ரத்துசெய்யலாம். ஊரில் வாங்கிய பாலிசியைப் பெட்டியில் வைத்து இங்கே கொண்டுவந்து ஆறு மாதம் கழித்துப் படித்தால் அந்த வழி மூடியிருக்கும்.

வீட்டுக் கடன் இருப்பவர்களுக்கு: மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கூடாது. இது 2012 ஜூன் முதலே உள்ள விதி. முழுக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இது நடப்பில் உள்ளது. லாக்கரை ஆண்டின் நடுவில் ஒப்படைத்தால், முன்கூட்டிக் கட்டிய வாடகையில் மீதி மாதங்களுக்கு உரியது திரும்ப வர வேண்டும்.

என்ஆர்ஓ வட்டியில் பிடித்த 31.2 சதவீத வரியை வங்கியிடம் கேட்டுச் சண்டை போடாதீர்கள். அது அரசுக்குப் போய்விட்டது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்துதான் திரும்ப வாங்க முடியும். இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி வட்டிக்கு 15 சதவீதம்தான் உச்சம். அதைக் கோர சிங்கப்பூர் வரி ஆணையத்தின் குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும்.

இனிக் கடிதம். ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். முதலில் கணக்கு எண். அடுத்து தேதி, எண்ட்ரியின் பெயர், தொகை, ஜிஎஸ்டி என்று ஒரு சிறு அட்டவணை, அதன் கீழே மொத்தம். பிறகு இப்படி எழுதலாம்:

"மேற்கண்ட தொகைகள் என் சேமிப்புக் கணக்கிலிருந்து குறைந்தபட்ச இருப்பு அபராதமாகப் பிடிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பிடித்தத்துக்கும் முன் அனுப்பிய அறிவிப்பின் தேதி, வழி, அனுப்பிய எண் ஆகியவற்றைத் தரவும். ஒரு மாத முன்னறிவிப்பு இல்லாமலோ, கணக்கு செயலற்றிருந்த காலத்திலோ பிடித்த தொகையை ஜிஎஸ்டியுடன் என் கணக்கில் திரும்ப வரவு வைக்கவும். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரவும்."

கோபமோ கதையோ வேண்டாம். பிடித்தது ஒரு மாதத்தில், அறிவிப்பு இன்னொரு மாதத்தில் என்று இருப்பதால், குறைந்தது மூன்று ஆண்டு ஸ்டேட்மென்ட்டை இணைய வங்கியிலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். பாஸ்புக்கில் பல எண்ட்ரிகளைச் சுருக்கி ஒன்றாகப் போட்டுவிடுவார்கள், அதை நம்பிக் கூட்டினால் தொகை இடிக்கும்.

கிளைக்குப் போகும் நாளையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை விடுமுறை. மாத முதல் வாரம் பென்ஷன் கூட்டம். பொங்கலை ஒட்டிப் போகிறவர்களுக்குத் தொடர்ந்து சில நாள் வங்கி இருக்காது. பாஸ்போர்ட், வேலை அனுமதி அட்டை அல்லது நீல ஐசி (நிரந்தரவாசி அடையாள அட்டை), பான் கார்டு, சிங்கப்பூர் முகவரிச் சான்று ஆகியவற்றின் அசலும் நகலும் இருக்கட்டும். கேஒய்சி (அடையாள, முகவரிச் சரிபார்ப்பு) காலாவதியாகியிருந்தால் புகாரைப் பேசவிடாமல் அங்கேயே நிறுத்துவார்கள். போக முடியாதவர்கள் நகல்களை இங்குள்ள நோட்டரியிடமோ, இந்தியத் தூதரகத்திலோ, இந்திய வங்கிகளின் சிங்கப்பூர்க் கிளை அதிகாரியிடமோ சான்றொப்பம் வாங்கி அனுப்பலாம், விதி அதை ஏற்கிறது.

கடிதத்தின் இரண்டாம் பிரதியில் தேதியோடு சீல் போட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். "பாத்துச் சொல்றோம்" என்பது பதில் ஆகாது. பாதியைத் திருப்பிப் போட்டு முடித்துக்கொள்ளலாம் என்று மேலாளர் சொன்னால் ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் "முழுத் தீர்வு" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டால் மீதியைக் கேட்பது கடினம்.

30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளம். 2021 நவம்பர் 12 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தில் கட்டணம் எதுவும் இல்லை. தபாலில் அனுப்புகிறவர்கள் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கி மையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். வழக்கறிஞர் மூலம் போனால் எடுக்கமாட்டார்கள், ஆனால் ஊரில் உள்ள தம்பியையோ மாமாவையோ எழுத்தில் அதிகாரம் கொடுத்து நியமிக்கலாம். புகார், வங்கியின் பதில், ஸ்டேட்மென்ட்டில் குறியிட்ட பக்கங்கள் இந்த மூன்றும் போதும். வங்கிக்கே எழுதாமல் நேராக இங்கு வந்த புகார்கள் அப்படியே திரும்பிவிடும். அந்தத் திட்டத்தில் வங்கியின் பதிலுக்குப் பின் ஓராண்டு அவகாசம் இருந்தது. திட்ட விதிகள் மாறக்கூடியவை, ஆகவே பதில் வந்த மாதத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

பணம் வரவானதும் இரண்டைச் சரிபாருங்கள். ஜிஎஸ்டியும் சேர்ந்து வந்ததா என்பது ஒன்று, பலமுறை அசல் மட்டும் வரும். அபராதத்தால் இருப்பு குறைந்து கடன் தவணை (ஈஎம்ஐ) பவுன்ஸ் ஆகியிருந்தால், அந்த பவுன்ஸுக்குப் பிடித்த கட்டணமும் வந்ததா என்பது மற்றொன்று. முதல் பிடித்தம் தவறென்று ஏற்றபின், அதனால் விளைந்ததையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அந்தக் கணக்கு இனித் தேவைதானா என்று கவுன்டரில் நிற்கும்போதே முடிவுசெய்யுங்கள். வைத்துக்கொள்வதானால் மினிமம் பேலன்ஸ் இல்லாத வகைக்கு மாற்றக் கேளுங்கள். +65 எண்ணையும் மின்னஞ்சலையும் பதியும் படிவத்தைக் கொடுத்த பிறகு, சோதனைக்கு நூறு ரூபாய் போட்டு, எஸ்எம்எஸ் இந்தச் சிங்கப்பூர் எண்ணுக்கு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.