கிளாக் மல்டிப்ளையரில் பவர் மிச்சம்: பி.எல்.எல்.லா, எம்.டி.எல்.எல்.லா?

100 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ் கிளாக்கை (வெளியிலிருந்து வரும் சுத்தமான துடிப்பை) சிப்புக்குள் 1.6 கிகாஹெர்ட்ஸாக உயர்த்த வேண்டும், இண்டக்டர் வைக்க இடமில்லை, பவரும் குறைவாகவே கிடைக்கும் என்றால் வழக்கமாக மூன்று வழிகள் பேச்சுக்கு வரும்: ரிங் ஆஸிலேட்டர் (வளையமாக இணைத்து, தானே துடிக்கும் சுற்று) வைத்த பி.எல்.எல். (ஃபேஸ்-லாக்ட் லூப்: வெளியீட்டை ரெஃபரன்ஸோடு ஒப்பிட்டுத் திருத்தும் லூப்), அதே ரிங்கை வைத்த எம்.டி.எல்.எல். (மல்டிப்ளையிங் டிலே-லாக்ட் லூப்), அப்புறம் இன்ஜெக்‌ஷன் லாக்கிங், அதாவது ரெஃபரன்ஸிலிருந்து எடுத்த பல்ஸை ரிங்குக்குள் செலுத்தி அதை இழுத்துப் பிடிப்பது. இந்த மூன்றில் நான் எம்.டி.எல்.எல்.லைத் தேர்ந்தெடுத்தேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சப்ளை மின்னழுத்தத்தைக் குறைப்பது, வயரிங் கெபாசிட்டன்ஸைக் குறைப்பது, வேலை இல்லாத பகுதியை அணைத்து வைப்பது ஆகியவை மூன்றுக்கும் பொது. ஸ்விட்சிங் பவர் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேறுபாடு இருக்கும் இடம் ஜிட்டர், அதாவது கிளாக்கின் எட்ஜ் (சிக்னல் ஏறும் அல்லது இறங்கும் கணம்) வரவேண்டிய நேரத்திலிருந்து தடுமாறுவது.

ரிங் ஆஸிலேட்டரில் வெப்ப இரைச்சலால் வரும் ஜிட்டரைப் பாதியாகக் குறைக்க, பவரை நான்கு மடங்கு ஏற்ற வேண்டும். அதனால் ஜிட்டரை வேறு வழியில் குறைக்க முடிந்தால், அந்த அளவு பவரை மிச்சம் பிடிக்கலாம். ரிங்கில் ஒவ்வொரு சுற்றிலும் வரும் சின்னப் பிழை அடுத்த சுற்றுக்கும் தொடர்ந்து, மேலும் மேலும் சேர்ந்துகொண்டே போகும். பி.எல்.எல். அதைத் திருத்துகிறது, ஆனால் மெதுவாக. லூப் பேண்ட்விட்த்தை (திருத்தும் வேகத்தை) ரெஃபரன்ஸ் அதிர்வெண்ணில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கொண்டுபோனால் ஸ்டெபிலிட்டி சிக்கல் வந்துவிடும். அதனால் நடைமுறையில் இருபதில் ஒரு பங்கு, சில நேரம் ஐம்பதில் ஒரு பங்கு என்றுதான் வைக்கிறோம்.

எம்.டி.எல்.எல். அப்படிக் காத்திருப்பதில்லை. ரிங்கில் சுற்றி வரும் எட்ஜை ஒவ்வொரு ரெஃபரன்ஸ் சுழற்சியிலும் தூக்கிவிட்டு, சுத்தமான ரெஃபரன்ஸ் எட்ஜை ஒரு மக்ஸ் (இரண்டில் ஒரு சிக்னலைத் தேர்ந்து விடும் சுவிட்ச்) வழியாக உள்ளே விடுகிறது. சேர்ந்திருந்த பிழை அந்த இடத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

இதைக் கணக்கில் பார்க்கலாம். பி.எல்.எல்.லை முதல் வரிசை லூப் என்று எளிமையாக எடுத்துக்கொண்டால், ரிங்கின் ஜிட்டர் வேரியன்ஸ் (ஜிட்டரின் வர்க்க அளவு) சராசரியாக 1/(4π × பேண்ட்விட்த்) நேரத்துக்குச் சேர்கிறது. 5 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்த்துக்கு அது சுமார் 16 நானோநொடி. எம்.டி.எல்.எல்.லில் பூஜ்யத்தில் தொடங்கி, ஒரு ரெஃபரன்ஸ் சுழற்சியான 10 நானோநொடி வரை ஏறிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வருவதால் சராசரி 5 நானோநொடிதான். அதே ஜிட்டருக்கு ரிங்கின் பவர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போதும். பேண்ட்விட்த் 2 மெகாஹெர்ட்ஸாக இருந்தால் எட்டில் ஒரு பங்கு. இந்த வகை சுற்றுகளில் பவரை அதிகம் தின்பது பெரும்பாலும் ரிங்தான் என்பதால் இந்த மிச்சம் சின்ன விஷயமில்லை.

சரி, இதற்கு என்ன விலை? பராமரிப்பு. ரிங்கின் இயல்பான அதிர்வெண் கொஞ்சம் விலகினாலும், ரெஃபரன்ஸ் எட்ஜ் நுழையும் அந்த ஒரு சுழற்சி மட்டும் நீண்டோ குறுகியோ போகும். 0.1% விலகினால் 10 நானோநொடியில் 10 பிகோநொடி பிழை. 625 பிகோநொடிப் பீரியடில் அது பெரிய பிழை, ஸ்பெக்ட்ரத்தில் ஸ்பர்ராக (தேவையற்ற தனி அதிர்வெண்ணாக) நிமிர்ந்து நிற்கும். ஃபேஸ் டிடெக்டரின் (எட்ஜ் நேரங்களை ஒப்பிடும் பகுதியின்) ஆஃப்செட்டும் அப்படியே இதில் வந்து சேரும். அதனால் பின்னணியில் ஒரு காலிப்ரேஷன் ஓடியே ஆக வேண்டும். வெப்பநிலை மெதுவாகத்தான் மாறும் என்பதால் அதை மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டலாம். அதன் பவர் கணக்கில் வராது. ஆனால் வடிவமைப்புக்கும் சரிபார்ப்புக்கும் ஆகும் உழைப்பு நிச்சயம் கணக்கில் வரும்.

இன்ஜெக்‌ஷன் லாக்கிங்கை நான் விட்டதற்குக் காரணமும் இதே பராமரிப்புதான். சுற்று எளிமையானது, அதிக வேகத்துக்கும் போகும். ஆனால் உள்ளே செலுத்தும் பல்ஸ் ஃபேஸை இழுத்துச் சரிசெய்துவிடுவதால், ரிங் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது டிடெக்டர் கண்ணிலிருந்து மறைந்துபோகிறது. அதைக் கண்டுபிடிக்க ரெப்ளிகா ரிங் (அதே போன்ற இன்னொரு ரிங்) வைக்க வேண்டும், இல்லையென்றால் அவ்வப்போது பல்ஸை நிறுத்திப் பார்க்க வேண்டும். எம்.டி.எல்.எல்.லில் ரிங்கின் எட்ஜும் ரெஃபரன்ஸின் எட்ஜும் மக்ஸ் வாசலில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்கத் தனி ஏற்பாடு தேவையில்லை.

எழுப்பி, வேலை முடிந்ததும் தூங்கவைக்கும் சிஸ்டங்களில் எம்.டி.எல்.எல்.லுக்கு இன்னொரு நன்மை உண்டு. ரிங்கின் அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் டிஜிட்டல் எண்ணைச் சேமித்து வைத்திருந்தால், அடுத்த ரெஃபரன்ஸ் எட்ஜிலேயே ஃபேஸ் நேராகிவிடும். பி.எல்.எல். செட்டில் ஆகும்வரை அதற்குச் செலவாகும் பவர் வீண்தான்.

மக்ஸ் சரியான நேரத்தில் திறந்து மூட வேண்டும் என்பது இதன் எல்லை. 1.6 கிகாஹெர்ட்ஸில் அரைப் பீரியட் 312 பிகோநொடி, வசதியான இடைவெளி. 10 கிகாஹெர்ட்ஸில் 50 பிகோநொடிதான். அங்கே இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பெருக்கும் எண் பின்னமாக இருந்தாலும் பி.எல்.எல்.தான் சுலபம். பிகோநொடிக்கும் கீழே ஜிட்டர் வேண்டும், இண்டக்டருக்கு இடமும் உண்டு என்றால், எல்.சி. ஆஸிலேட்டரோடு (இண்டக்டரும் கெபாசிட்டரும் வைத்தது) சப்-சாம்ப்ளிங் பி.எல்.எல். (ரெஃபரன்ஸ் எட்ஜில் ஆஸிலேட்டரின் வெளியீட்டை நேரடியாகச் சாம்பிள் எடுப்பது) பக்கம் போகலாம். 2009-இல் காவ், கிளம்பரிங்க், நௌட்டா குழு காட்டிய வழி அது. லாக் ஆன பிறகு, வெளியீட்டு அதிர்வெண்ணை வகுத்துக் குறைக்கும் டிவைடரே தேவையில்லை. டிடெக்டரின் இரைச்சலும் பெருக்கும் எண்ணின் வர்க்கத்தால் பெருகாது. 16 மடங்குக்கு அது 24 டெசிபெல் வித்தியாசம். எல்.சி. பக்கம் எனக்குக் கை அனுபவம் குறைவு, அதனால் அங்கே பவர் எவ்வளவு மிஞ்சும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

எந்த வழியை எடுத்தாலும், ரெஃபரன்ஸ் 200 மெகாஹெர்ட்ஸில் கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். எம்.டி.எல்.எல்.லில் பிழை சேரும் நேரம் பாதியாகும், அதே ஜிட்டருக்கு ரிங்கின் பவரும் பாதியாகும், அதிர்வெண் விலகலால் வரும் பிழையும் 10 பிகோநொடியிலிருந்து 5-க்கு இறங்கும்.