பிக்கப் ஏசி: கேஸ் மட்டும் ஏற்றுவதா, லீக்கை அடைப்பதா?

கிருஷ்ணகிரியில் மாம்பழ லோடு ஓடும் மாதங்களில்தான் பிக்கப் ஏசி கைவிரிக்கும். பட்டறையில் இரண்டு வழி சொல்வார்கள்.

ஒன்று, கேஸ் டாப்-அப். சீக்கிரம் முடியும், செலவு குறைவு, அன்றைக்கே குளிரும். ஆனால் ஏசி கேஸ் டீசல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வரும் கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசருக்கு வேண்டிய ஆயிலையும் அந்த கேஸ்தான் சுமக்கிறது. குறைந்த கேஸில் ஓட்டிக்கொண்டே இருந்தால் ஆயில் திரும்பாமல் கம்ப்ரசர் ஜாம் ஆகிவிடும். சரி, கொஞ்சம் கூடுதலாகவே ஏற்றிவிடலாம் என்றால், அழுத்தம் ஏறி குளிர்ச்சிதான் குறையும்.

இன்னொன்று, நைட்ரஜன் அடித்து லீக்கைக் கண்டுபிடிப்பது. இணைப்பில் இருக்கும் ரப்பர் ஓ-ரிங்கோ, கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரோ மாற்றி, ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் புதிதாகப் போட்டு, வேக்கம் இழுத்து (உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப்பால் உறிஞ்சி எடுத்து), கம்பெனி சொன்ன எடைக்கு ஆர்134ஏ என்கிற ஏசி கேஸை நிரப்புவார்கள். வண்டி நிற்கும், வாடகை போகும். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். வேக்கம் இழுக்காவிட்டால் உள்ளே தங்கும் ஈரம், கேஸ் குளிரும் குறுகிய வழியான எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும். ஆயிலோடு சேர்ந்து அமிலமாகவும் மாறும். "வேக்கமெல்லாம் எதுக்குண்ணா" என்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

பழைய வண்டி, சில வருடங்களில் லேசாகக் குறைந்தது என்றால் டாப்-அப் போதும்.

எதைச் செய்தாலும், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரை மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். கிரானைட் குவாரிப் பக்கம் ஓடும் வண்டிக்கு அடிக்கடி தேவைப்படும். பிரஷர் வாஷர் அதன் மெல்லிய தகடுகளை (ஃபின்களை) மடக்கிவிடும். அப்புறம், தொப்பூர் ஏற்றத்தில் இன்ஜின் சூடு முள் ஏறினால் ஏசியை அணைத்துவிடுங்கள்.